நாலாம் பக்கத்தில் நிற்கிற மேளம்

சென்னை
2-12-1963

அன்புள்ள தவுல் தாத்தாவுக்கு,

சண்முகவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. நாயனம் சுருளிவேல் மகள் என்றால் சட்டென்று தெரியும். உங்களோடு பேசிப் பதினொரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் விரல் கூடுகளைக் கழற்றி என் விரலில் மாட்டிவிட்டு, “தட்டு, உங்கப்பன் மிரளட்டும்” என்பீர்கள். அது மட்டும் நினைவிருக்கிறது.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். பெரியப்பா படிக்க வைத்தார். அம்மா போன நாளிலிருந்து அவர் வீட்டில்தான் வளர்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

போன மாதம் மூர் மார்க்கெட்டில், பழைய சாமான் குவியலில், அப்பா பேர் போட்ட மூன்று கிராமபோன் பிளேட்டுகள் கிடைத்தன. ‘நாயனம்: மேலக்கரைப்பட்டி சுருளிவேல். தவுல்: காத்தமுத்து.’ எங்கள் பாட்டு டீச்சர் வியாகுலம்மாள் திண்டுக்கல்காரர். சின்ன வயசில் திருவிழாவில் அப்பா வாசித்துக் கேட்டவராம். “அந்த மனுஷன் ஊதினா முடவனும் ஆடுவான்” என்று சொல்லிக்கொண்டேதான் பெட்டிக்குச் சாவி கொடுத்தார். முதல் பக்கம் அப்படித்தான் இருந்தது. கரகத்துக்கு வாசிக்கிற வேகம். மற்ற ஐந்து பக்கமும் மெதுவாக, இழுத்து இழுத்து, யாரோ தயங்கித் தயங்கி நடப்பதுபோல் இருந்தது. எனக்குச் சலிப்பாக இருந்தது. வியாகுலம்மாள் ஊசியை எடுத்தார். மறுபடியும் வைத்தார். மூன்றாம் தடவை கேட்டபின், “முதல் பக்கத்துல விரல்தான் கேக்குது வள்ளி. இந்த அஞ்சுலதான் மூச்சு கேக்குது. இது எப்படிப் பழைய சாமான்ல வந்து கிடந்துச்சு?” என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அதை நிறுத்த முடியவில்லை.

ஆட்டத்துக்கு ஊதுகிறவர் இப்படி ஏன் வாசித்தார்? கூட இருந்தவர் நீங்கள் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறீர்கள்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். எனக்கு இருபத்தொன்று முடிகிறது. அம்மா வழிக் கிணற்றுத் தோட்டத்தைத் தன் பேருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டும் என்று பெரியப்பா எழுதியிருக்கிறார். அப்போது உங்களையும் பார்ப்பேன்.

சு. சண்முகவள்ளி

*

மேலக்கரைப்பட்டி
9-12-1963

சிரஞ்சீவி சண்முகவள்ளிக்குக் காத்தமுத்து ஆசீர்வாதம். இங்கு யாவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும்.

உன் கடிதத்தை வாசிக்கக் கேட்டு சந்தோஷம். நீ கேட்ட பிளேட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உன் தகப்பன் அப்போது சதா குடியில் இருந்தபடியால் விரல் ஓடவில்லை. அதனால் மெதுவாக வாசித்தான். கல்யாண வீட்டில் போட்டால் சாவு வீடு மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையாகப் போட்டுக் கேட்கவே வேண்டாம்.

உன் பெரியப்பா நாச்சிமுத்து அவர்கள் உனக்குத் தெய்வம் மாதிரி. அவர் சொல்லுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவது உன் கடமை. எனக்குக் கண் மங்கல். பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்குக் காத்தமுத்து
இடது பெருவிரல் ரேகை

எழுதியது கடை பொன்னழகு. உன் பெரியப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

*

சித்தையன்கோட்டை
12-12-1963

தாயி வள்ளி,

முன்ன வந்த கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுரு. அதுல ரேகை மட்டுந்தான் என்னுது.

எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். நம்மூருக்கு வர்ற கடுதாசி அம்புட்டும் பொன்னழகு கடையிலதான் இறங்கும். அவன்தான் உடைப்பான், அவன்தான் வாசிப்பான். உன் கடுதாசியை ஆறு பேரு உக்காந்திருக்க வாசிச்சான். ‘பிளேட்டு’ன்னு வந்த எடத்துல உங்க பெரியப்பனுக்கு ஆளனுப்பிட்டான். அவரு வந்து சாக்கு மேல உக்காந்துக்கிட்டு, “எழுது பொன்னழகு, கிழவன் சொல்றதை எழுது”ன்னாரு. எல்லாம் அவரே சொன்னாரு தாயி. கடுதாசி முடிஞ்சு போச்சு. நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. கருமாதி மேளம் மாதிரி இருக்குமேன்னு, வரிசையாப் போட்டுக் கேக்காதேன்னேன். அதுகூடத் தப்பு. அதைச் சொன்னதும் அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு.

அதான் இன்னிக்கு வெள்ளன எந்திரிச்சு நடந்தே இங்க வந்துட்டேன். இதை எழுதுறவரு பீர் முகமது. மைக் செட்டுக் கடை வச்சிருக்காரு. அப்ப நம்ம பிளேட்டை வித்தவரும் இவருதான். இல்லை, விக்காமத் திரும்பி வாங்கினவரு. அவரு சொல்றாரு, “நூறு வாங்கினேன், தொண்ணூத்தேழு திரும்பி வந்துச்சு, மூணை எலி தின்னுருக்கும்”னு. ஒரு செட்டை மட்டும் தூக்கிப் போடாம வச்சிருந்தாரு. இனிமே நீ எழுதினா அவரு விலாசத்துக்கு எழுது.

உங்கப்பன் அன்னிக்குக் குடிக்கலை. நான் சத்தியம் பண்ணுவேன். மெட்ராசுல கம்பெனிக்காரன் ஆறு ஆட்டப்பாட்டு கேட்டான். ஒண்ணு வாசிச்சோம். அவனுக்கு வாயெல்லாம் பல்லு. ரெண்டாவதுக்கு உங்கப்பன் என் காதுகிட்ட குனிஞ்சு, “அண்ணே, நடக்கிற அடி போடுங்க”ன்னான். “எங்கடா நடக்க?”ன்னேன். “நீங்க போடுங்க. நான் நிக்கிற எடத்துல நீங்களும் நில்லுங்க”ன்னான். கம்பெனிக்காரன் தலையில அடிச்சுக்கிட்டான். வாங்கின அச்சாரத்துக்கு அஞ்சையும் அப்படியே வாசிச்சு முடிச்சான். ரயில்ல வரும்போது அவனை வாயில வந்தபடி ஏசினேன். “எம் பேரையும் சேத்து நாறடிச்சிட்டியே”ன்னேன். அவன் சன்னல் பக்கமாவே திரும்பி இருந்தான். அதுக்கப்பறம் நான் அவன்கூட ஒரு கச்சேரிக்கும் போகலை. அவன் சாகும்போதும் போகலை.

பத்து வருசமா அதைக் கருமாதிப் பிளேட்டுன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னிக்குப் பீர் முகமது ஆறு பக்கத்தையும் வரிசையா வச்சாரு. நாம அடிச்ச அடியை நாமே வெளிய உக்காந்து கேக்குறது வேற. தாயி, நான் தப்பாக் கேட்டிருக்கேன்.

என்ன கேட்டேன்னு இப்பச் சொல்ல மாட்டேன். ஊருக்குப் போயி ஒரு தடவ நடந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பெரியப்பனுக்குப் பிளேட்டைப் பத்தி ஒண்ணும் எழுதிராதே.

காத்தமுத்து (ரேகை)

*

சென்னை
18-12-1963

தாத்தாவுக்கு,

உங்கள் இரண்டாவது கடிதம் வரும்முன்பே பெரியப்பாவுக்கு எழுதிவிட்டேன். சந்தோஷத்தில் எழுதினேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று இப்போதும் புரியவில்லை.

அவர் பதில் நேற்று வந்தது. நான்கு வரி. “பிளேட்டுகளைக் கையோடு எடுத்து வா. உடையாமல் கொண்டு வா. வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஸ்டேஷனுக்கு வண்டி வரும்.” எனக்கு ஜுரம் வந்தபோதுகூட அவர் இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை.

தாத்தா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்பா என்னை ஒன்பது வயசில் விட்டுப் போனார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, பெரியப்பா வீட்டு வாசலில் நின்று, ஒரு பொட்டலம் சேவு கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். என்னோடு பேசவும் மாட்டார். எனக்குச் சோறு போட்டவர் பெரியப்பா. பாவாடை தைத்துக் கொடுத்தவர், காலேஜுக்குச் சேர்த்தவர் எல்லாம் பெரியப்பா. அவரைப் பற்றி ஜாடையாக எழுதாதீர்கள். சொல்வதானால் நேராகச் சொல்லுங்கள். இல்லையென்றால் நான் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன், உங்களையும் பார்க்கமாட்டேன்.

வியாகுலம்மாள் ஒன்று கேட்கச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் மேளம் எழும்புகிறது. மூன்றாம் பக்கம் நடக்கிறது. நான்காம் பக்கத்தில் தவுல் நகரவே இல்லை. மூன்று நிமிஷமும் ஒரே இடத்தில் நின்று அடிக்கிறது. நாயனம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஐந்திலும் ஆறிலும்தான் திரும்ப நடை. எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

சண்முகவள்ளி

*

சித்தையன்கோட்டை
27-12-1963

வள்ளி,

நேராச் சொல்றேன். பீர் முகமது இதெல்லாம் எழுத்துல வேணாம்ங்கிறாரு. எழுதுங்கய்யான்னு சொல்லியிருக்கேன்.

உங்க ஆத்தா அய்யம்மா செத்தது அம்பத்திரண்டு சித்திரையில, ஒரு வெள்ளிக்கிழமை. உங்கப்பன் பழனிப் பக்கம் கச்சேரிக்குப் போயிருந்தான். எனக்குக் காலில சிலந்திக் கட்டி, போகலை. அய்யம்மா கிணத்துல விழுந்துட்டான்னு சத்தம் கேட்டுப் போனேன். தூக்கிக் கட்டில்ல போட்டிருந்தாங்க.

அந்த வருசம் மழை கிடையாது. அந்தக் கிணத்துல முழங்கால் தண்ணிதான். நான் பாத்ததைச் சொல்றேன். சேலை நனைஞ்சிருந்துச்சு. தலை நனையலை. கொண்டையில கனகாம்பரம் கட்டினது கட்டினபடி இருந்துச்சு. கழுத்துல தாலிக்கயிறு பதிஞ்சு கருத்த தடம். உங்க பெரியப்பன் வலது கையில துண்டைச் சுத்தியிருந்தாரு. மூணு நாளைக்கு அதை அவுக்கலை. நாலாம் நாளு அவுத்தப்ப, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல பல்லு எறங்கின காயம். அதுக்கு முந்தின வாரந்தான் தோட்டத்துப் பத்திரத்துல ரேகை வைக்க மாட்டேன்னு உங்க ஆத்தா தெருவுல நின்னு சொன்னா. “எங்கய்யா எனக்குக் குடுத்தது, என் மகளுக்குப் போகும்”னு சொன்னா. ஊரே கேட்டுச்சு.

இப்ப என் விசயம். உங்க பெரியப்பன் அப்ப மணியகாரரு. சாவு எழுதுற நோட்டு அவரு கையில. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. “காத்தமுத்து, நீ மேளக்காரன். முறை தெரிஞ்சவன். கிணத்துச் சாவுக்கு மேளம் உண்டா?”

நான் முறையைச் சொன்னேன். “கெடையாதுய்யா.”

அந்த ஒரு சொல்லுதான் தாயி. கிணத்துச் சாவு, தூக்குச் சாவுக்கு மேளம் கிடையாதுங்கறது வாஸ்தவம். ஆனா அது கிணத்துச் சாவு இல்லைன்னு என் கண்ணு பாத்துக்கிட்டே இருக்கு. வாயி முறையைச் சொல்லுது. மேளம்னா என்ன? ஒரு வீட்டுல உசிரு போயிருச்சுன்னு பக்கத்து ஊருக்குக் கேக்குறது. மேளம் அடிச்சிருந்தா ஒட்டன்சத்திரத்துல இருந்து உங்க ஆத்தா கூடப்பொறந்தவங்க வந்திருப்பாங்க. கழுத்தைப் பாத்திருப்பாங்க. மேளம் இல்லை. ஒருத்தருக்கும் கேக்கலை. வெயில் சாயறதுக்குள்ள பொதைச்சாச்சு.

மறுநாள் உங்கப்பன் வந்தான். எங்கிட்ட அழுகலை. “மேளம் அடிச்சீங்களா அண்ணே?”ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டான். “முறையில்லையேப்பா”ன்னேன். உன்னை அதுக்குள்ள உங்க பெரியப்பன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க. அவன் வாயத் தொறந்தா நீ அவங்க கையில. அதான் வாசல்ல நின்னான். அதான் உள்ள வரலை. சேவுப் பொட்டலத்தை நீட்டும்போது உன் கழுத்தைப் பாத்துட்டுப் போவான். நான் எதுத்த தெருவுல இருந்து பாத்திருக்கேன்.

இப்ப நடந்து பாத்ததைச் சொல்றேன். போன செவ்வாக்கிழமை காலையில உங்க பழைய வீட்டு வாசல்ல நின்னேன். அந்த அஞ்சு பக்கமும் எனக்கு மனப்பாடம், அடிச்சவன் நான். ரெண்டாம் பக்கம் பாடையைத் தூக்குறது. அதை வாசல்லயே நின்னு தொடையில தட்டினேன். மூணாம் பக்கத்துக்கு நடந்தேன். பாடை தூக்கினவன் நடக்கிற நடை. தெருவுல போனவங்க கிறுக்கன்னு பாத்தாங்க. மூணாம் பக்கம் முடிஞ்ச எடத்துல கண்ணத் தொறந்தேன். உங்க பெரியப்பன் வீட்டு வாசல்.

பாடையை எறக்குறது முச்சந்தியில மட்டுந்தான். எவன் வீட்டு முன்னாலயும் நிக்கக் கூடாது. நின்னா அந்த வீட்டு மேல பழி சொல்றதா அர்த்தம். உங்கப்பன் நாலாம் பக்கம் பூராவும் அங்க நிக்கிறான் வள்ளி. அவளைப் பொதைச்சு வருசம் திரும்பறதுக்குள்ள, அடிக்காத மேளத்தை அவன் பிளேட்டுல அடிச்சு வச்சிட்டுப் போயிட்டான். நாலாம் பக்கத்துல யாரு கொன்னான்னு சொல்லிருக்கான். கூட அடிச்ச எனக்கே கேக்கலையே. அவன் ஆட்டத்துக்கு ஊதினதையெல்லாம் ஊரு மறந்துரும், மறக்கட்டும். இந்த மாதிரி ஒருத்தன் வாசிச்சு நான் கேட்டதில்லை, இனிமேலும் கேக்கப் போறதில்லை.

நான் அங்க நிக்கிறப்ப உங்க பெரியப்பன் வெளிய வந்தாரு. “என்ன காத்தமுத்து, வாசல்ல?”ன்னாரு. “மூச்சு வாங்குதுய்யா”ன்னேன். “வயசாச்சுல்ல. பாத்து நட. கிணத்துப் பக்கமெல்லாம் போயிராதே”ன்னு சிரிச்சாரு.

வராதே. வந்தே ஆகணும்னா கையெழுத்தைப் போட்டுட்டு அப்பவே ரயிலேறு. நிலம் போனாப் போகுது. நீ இரு.

காத்தமுத்து (ரேகை)

*

சென்னை
6-1-1964

தாத்தா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. ஒரு வாரமாகச் சாப்பிட உட்கார்ந்தால் பெரியப்பாவின் வலது கை ஞாபகம் வருகிறது. அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். “நாய் கடிச்சது” என்பார். அந்தக் கையால்தான் எனக்குத் திருநீறு பூசிவிடுவார்.

உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அப்பாவை நினைத்து இன்னொன்று எழுதினேன். அதற்கு விலாசம் இல்லை.

கையெழுத்துப் போடமாட்டேன். அம்மா போடாத இடத்தில் நான் போடவா?

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை திண்டுக்கல் வருகிறேன். வண்டி வருவதாகச் சொன்ன ரயிலில் வரமாட்டேன், அதற்கு முந்தியதில் வருவேன். வியாகுலம்மாளும் கூட வருகிறார். அவர் அண்ணன் வீட்டில் தங்குவோம், விலாசம் தனியாக வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா. அங்கே போகாமல் போலீசுக்குப் போகப் போகிறேன்.

போனால் என்ன கேட்பார்கள்? பன்னிரண்டு வருஷம் ஆன கதை, யார் பார்த்தது என்பார்கள். பிளேட்டை வைத்துக் காட்டினால் சிரிப்பார்கள். பார்த்தவர் நீங்கள். அன்றைக்கு ஊர் முன்னால் ஒரு சொல் சொன்னீர்களே, அது பொய் என்று அதே ஊர் முன்னால் சொல்வீர்களா? முடியாதென்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள். நான் கோபப்படமாட்டேன். எனக்கு யாரை நம்பி வருகிறேன் என்று மட்டும் தெரிய வேண்டும்.

வள்ளி

*

சித்தையன்கோட்டை
18-1-1964

தாயி,

இதைத் தபாலில போடலை. பீர் முகமது தம்பி சௌகத் அலி கையிலேயே குடுத்துவிடுறேன். நீ தங்கியிருக்கிற வீட்டுக்கு வந்து உன் கையில குடுப்பாரு.

முதல்ல நீ செய்ய வேண்டியது. அந்த வீட்டை விட்டுத் தனியா எறங்காதே. உங்க பெரியப்பன் வண்டி ரயிலுக்கு வந்து வெறும் வண்டியாத் திரும்பியிருக்கும். இந்நேரம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ‘பெரியப்பா ஒடம்புக்கு முடியலை, கூப்பிட்டாரு’ன்னு எவன் வந்தாலும் போகாதே. பொன்னழகு வருவான். அழுவான். நம்பாதே.

இதோட ஒரு தனிக் காகிதம் வச்சிருக்கேன். அய்யம்மா செத்த அன்னிக்கு நான் பாத்தது அம்புட்டும் அதுல இருக்கு. கனகாம்பரத்துல இருந்து பல்லுக்காயம் வரைக்கும். அடியில என் ரேகை, பீர் முகமது கையெழுத்து, சௌகத் அலி கையெழுத்து. நான் இருந்தாலும் இல்லாட்டாலும் அந்தக் காகிதம் பேசும். திங்கக்கிழமை விடிஞ்சதும் அதைப் போலீசுல குடு. குடுத்துட்டு அவங்களைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வா. முந்தி வராதே.

என் தவுலைப் பொங்கலன்னிக்கு ரெண்டு பக்கமும் தோலைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. ஆடு மேஞ்சிருக்கும்கிறான் பொன்னழகு. எந்த ஆடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடு போட்டு மேயும்? பரவாயில்லை. கன்னிவாடியில சோலைமுத்து மகன்கிட்ட ஒரு தவுலு எரவல் வாங்கியிருக்கேன். தோலு புதுசு, கொஞ்சம் எறுகலா இருக்கு. என் விரலு எழுபத்தாறு வயசு விரலு. ரெண்டு நாளாப் பீர் முகமது கடையிலயே படுத்து அந்த அஞ்சு பக்கத்தையும் போட்டுக் கேட்டு, கூடவே அடிச்சுப் பாக்குறேன். அவருக்குக் காது போச்சுங்கிறாரு. “கிழவா, கல்யாண ஆர்டரெல்லாம் ஓடிப்போகும்யா”ங்கிறாரு. ஏசிக்கிட்டே மறுபடியும் சாவி குடுக்கிறாரு.

ஊர் முன்னால சொல்லுவியான்னு கேட்டிருக்கே. நான் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசி வழக்கமில்லை. பேசினா நாக்கு ஒட்டிக்கிரும், அன்னிக்கு மாதிரியே அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லிருவேன். எனக்கு அந்தப் பயம் இருக்கு. அதனால எனக்குத் தெரிஞ்ச விதத்துல சொல்றேன்.

திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு, ஜனங்க காட்டு வேலைக்கு எறங்குறதுக்கு முன்ன, உங்க பழைய வீட்டு வாசல்ல தவுலைத் தோள்ல மாட்டிருவேன். பாடை இல்லை, நாயனம் இல்லை. நான் ஒருத்தன். வாசல்ல அடிக்க வேண்டியதை அடிப்பேன். அப்பறம் நடப்பேன். உங்க பெரியப்பன் வீட்டுக்கு முன்னால வந்து நிப்பேன்.

அவரு ஆளுங்க வருவாங்க. வரட்டும். தெருவுல அம்புட்டுச் சனமும் வெளிய வந்துரும், சாவு மேளம் கேட்டா வராம இருக்க முடியாது. அடிக்கிற கையை எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையில பிடிக்கிறதுக்கு எவனும் யோசிப்பான். பிளேட்டுல மூணு நிமிசந்தான் எடம் இருந்துச்சு. எனக்கு அந்தக் கணக்கு இல்லை. எவனாச்சும் ஒருத்தன் வந்து, “யாருக்கு அடிக்கிறே, யாரு செத்தா?”ன்னு கேக்குற வரைக்கும் அடிப்பேன்.

கேட்டதும் நிறுத்திட்டு உங்க ஆத்தா பேரைச் சொல்லுவேன்.

காத்தமுத்து (ரேகை)